மனநோயும் ஊர்த்துணையும்: கேல் நகரம் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்க்கு மலர்வனம் புக்க காதையில் ஒரு காட்சி எதிர்ப்படும். சுதமதியோடு மணிமேகலை பூக்கொய்யப் புகார் நகரின் தெருவழியே செல்கின்றாள். அத்தெருவிலே பித்தேறிய ஒருவன் எருக்க மாலை சூடி, கந்தலும் தழையும் உடுத்து, அழுதும் விழுந்தும் தொழுதும் திரிகின்றான். தன் நிழலோடு தானே பூசலிடுகின்றான். அவன் பின்னே ஒரு கூட்டம். அக்கூட்டத்தார் அவனை எள்ளி நகையாடினர் என்று சாத்தனார் பாடவில்லை. அவனது துன்பத்தைக் கண்டு வருந்தி நின்றனர் என்றே பாடுகின்றார்.

இக்காட்சியை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழும். அக்கூட்டத்தார்க்கு இரக்கம் இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், அன்று மாலை பொழுது சாய்ந்தபின் அவன் எங்கே உறங்கினான்? அவனுக்குச் சோறிட்டவர் யார்? இரங்கி நின்றவர்களுள் ஒருவரேனும் தம் வீட்டுத் திண்ணையை அவனுக்குக் காட்டினாரா? காப்பியம் அதனைச் சொல்லவில்லை. கதை வேறு திசையில் சென்றுவிடுகின்றது.

உலக வரலாற்றிலும் பெரும்பாலும் இதுவே நிலை. மனம் பேதலித்தவரைச் சில நாடுகளில் ஊருக்கு வெளியே துரத்தினர். சில நாடுகளில் சங்கிலியால் பிணித்தனர். இலண்டன் மாநகரின் பெத்லெம் மருத்துவமனையில் நோயாளிகளை வேடிக்கை பார்க்கப் பொதுமக்கள் 1770 ஆம் ஆண்டுவரை தாராளமாக அனுமதிக்கப்பட்டனர். கண்டு நிற்பதற்கு எங்கும் ஆள் உண்டு. உள்ளே வா என்று அழைப்பதற்குத்தான் ஆள் அரிது.

அவ்வாறு அழைத்த ஊர் ஒன்று உண்டு. பெல்ஜிய நாட்டில் ஆண்ட்வெர்ப் மாநிலத்தில் உள்ள கேல் என்னும் சிறு நகரமே அது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூர் மக்கள் மனநோயாளிகளைத் தம் இல்லங்களில் ஏற்று, தம்மோடு உண்ண வைத்து, தம்மோடு உழைக்க வைத்து வாழ்ந்து வருகின்றனர். அவ்வூரின் வரலாற்றை ஆராய்ந்து, அதிலிருந்து நம்மவர் பெறத்தக்க பாடம் யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொன்மமும் திருத்தலமும்

கேல் நகரின் கதை ஒரு தொன்மத்தில் தொடங்குகின்றது. அயர்லாந்து நாட்டு அரசன் ஒருவன் தன் மனைவியை இழந்தான். துயரம் அவன் அறிவைக் கலக்கியது. இறந்தவளைப் போன்ற தோற்றமுடையவள் தன் மகள் டிம்ப்னா ஒருத்தியே எனக் கருதி, அவளையே மணக்க விழைந்தான். மகள் அஞ்சினாள். முதிய குரு ஒருவரின் துணையோடு கடல் கடந்து ஆண்ட்வெர்ப் வழியாகக் கேல் என்னும் சிற்றூரை அடைந்தாள். பின்தொடர்ந்து வந்த தந்தை அங்கே அவளைத் தன் வாளாலேயே வெட்டி வீழ்த்தினான். இது ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டாலும், எழுத்தில் வந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேதான். ஆதலின் இதனை வரலாறு என்று கொள்வார் இலர். நாட்டார் கதை என்றே அறிஞர் கருதுவர்.

கதை மெய்யோ பொய்யோ, அதனை நம்பியவர்களின் செயல் மெய். பித்தேறிய தந்தையின் வெறிக்குப் பணியாது உயிர் நீத்தவள் பித்துக்கு மருந்தாவாள் என்று மக்கள் நம்பினர். டிம்ப்னாவின் பெயரால் 1349 ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒரு தேவாலயம் எழத் தொடங்கியது. மனம் கலங்கியோரை அவர்தம் உறவினர் தொலைவூர்களிலிருந்து அங்கே அழைத்து வரலாயினர். நம் நாட்டவர் குணசீலத்திற்கும் சோளிங்கருக்கும் அழைத்துச் செல்வதைப் போன்றதே அதுவும் எனலாம். நோயாளிகள் அங்கு ஒன்பது நாள் தங்கி வழிபடுதல் மரபு. புனிதையின் எச்சங்கள் வைக்கப்பட்ட பேழையின் கீழே அவர்கள் நாள்தோறும் தவழ்ந்து செல்வர். அவர்கள் தங்குவதற்கென 1480 ஆம் ஆண்டில் தேவாலயத்தை ஒட்டி ஒரு நோயாளர் இல்லம் எழுப்பப்பட்டது. 1489 ஆம் ஆண்டில் தேவாலயம் தீக்கிரையானபோதும் வழிபாடு நின்றுவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் தேவாலயம் மீண்டும் எழுந்தது.

இங்கேதான் வரலாற்றின் திருப்பம் நிகழ்கின்றது. வருவோர் தொகை மிகுந்தது. நோயாளர் இல்லத்தில் இடம் போதவில்லை. ஒன்பது நாளில் குணமடையாதவர் பலர். அவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. குருமார் ஊர் மக்களிடம் இடம் கேட்டனர். மக்கள் தம் வீடுகளில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தனர். சில நாளுக்கு என்று வந்தவர் சில மாதம் தங்கினர். சில மாதத்திற்கு என்று வந்தவர் வாழ்நாள் முழுதும் தங்கினர். உறவினரும் திருச்சபையும் தங்கும் செலவுக்குச் சிறு தொகை அளித்தனர். திட்டமிட்டுத் தோன்றிய ஏற்பாடன்று இது. இடப்பற்றாக்குறையால் தோன்றிப் பழக்கத்தால் நிலைபெற்று, முடிவில் ஊரின் பண்பாகவே ஆயிற்று.

அவ்வாறு தங்குவோரை அவ்வூரார் நோயாளி என்றோ பித்தர் என்றோ சுட்டுவதில்லை. உணவும் உறையுளும் கொண்டு தங்குபவர் என்னும் பொருளுடைய ஒரு சொல்லாலேயே சுட்டுவர். தமிழில் உண்டுறைவோர் என்று அதனைப் பெயர்க்கலாம். ஒருவரை எப்பெயரால் அழைக்கின்றோமோ அப்பெயருக்கேற்பவே அவரை நடத்துகின்றோம். விருந்து என்னும் நம் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். வந்தவர் யாராயினும் புதியவர் என்னும் ஒரு தகுதியே அவரை ஓம்புதற்குப் போதும் என்று கருதிய மொழி நம் மொழி. அக்கருத்தைக் கேல் நகரத்தார் வேறொரு சொல்லில் வைத்திருந்தனர்.

அரசும் மருத்துவரும் வந்த பின்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜியம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வந்தது. சமய வழிபாடுகள் ஒடுக்கப்பட்டன. ஆயினும் ஊரார் நோயாளிகளைக் கைவிடவில்லை. 1803 ஆம் ஆண்டில் பிரசல்ஸ் நகர மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த மனநோயாளிகளை அப்பகுதி ஆட்சியாளர் கேலுக்கே அனுப்பி வைத்தார். சமயம் தொடங்கிய பணியை அரசு ஏற்றுக்கொண்ட காலம் இது.

பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற மனநோய் மருத்துவர் எஸ்கிரோல் 1821 ஆம் ஆண்டில் கேலுக்கு நேரில் சென்றார். நானூறு ஐந்நூறு நோயாளிகள் வீடுகளிலும் வயல்களிலும் தெருக்களிலும் உலவுவதைக் கண்டு வியந்தார். எனினும் அவர் வியந்ததோடு நிறுத்தவில்லை. ஓடிவிடுவர் என்னும் அச்சத்தால் சிலர் காலில் தளையிடப்பட்டிருந்ததையும் கண்டு எழுதினார். கேலைப் புகழ்வோர் இதனை மறைத்தல் ஆகாது. நல்லெண்ணம் மட்டும் போதாது; கண்காணிப்பும் வேண்டும் என்பதை இது காட்டும்.

அக்கண்காணிப்பு அந்நூற்றாண்டின் நடுவில் வந்தது. மனநோயாளிகள் பற்றிய சட்டத்தைப் பெல்ஜியம் 1850 ஆம் ஆண்டில் இயற்றியது. அதன்பின் கேல் அரசு மருத்துவரின் மேற்பார்வைக்குள் வந்தது. 1862 ஆம் ஆண்டில் அங்கு ஒரு மருத்துவமனை எழுந்தது. புதிதாக வருவோரை முதலில் அங்கே வைத்துப் பார்த்து, அவர்தம் இயல்புக்கேற்ற இல்லத்தைத் தேர்ந்து அனுப்பினர். நோய் முற்றும்போது மீண்டும் மருத்துவமனை. தணிந்தபின் மீண்டும் அதே இல்லம். மருத்துவமனையும் ஊரும் இரு கைகளைப் போல இயங்கின. ஒரு கையால் மட்டும் சுமையைத் தூக்க முயலவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

கேலின் புகழ் பரவியது. ஓவியர் வின்சென்ட் வான்கோவை 1880 ஆம் ஆண்டில் அவர் தந்தை கேலுக்கு அனுப்ப எண்ணினார் என்பது பலர் அறியாத செய்தி. பெல்ஜியத்தின் லியர்னோ என்னும் ஊரில் 1884 ஆம் ஆண்டிலும், பிரான்சின் தூன் சூர் ஓரோன் என்னும் ஊரில் 1892 ஆம் ஆண்டிலும் இதனையொத்த குடியிருப்புகள் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், 1938 ஆம் ஆண்டில், கேல் நகர இல்லங்களில் 3,736 நோயாளிகள் வாழ்ந்தனர். அவ்வளவு சிறிய நகரில் இஃது எத்துணைப் பெரிய தொகை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இல்லம் எவ்வாறு மருந்தாயிற்று

அங்கே நோயாளியின் ஒருநாள் எப்படி இருந்தது? காலையில் வீட்டாரோடு எழுவார். உழவர் வீடாயின் மாட்டுத் தொழுவத்திற்குச் செல்வார், கிழங்கு பறிப்பார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். மேசையில் அவருக்கென ஓர் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாரோடு தேவாலயம் செல்வார். மாலையில் கடைத்தெருவில் உலவுவார். அவர் சற்று உரக்கப் பேசினாலும் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டின் பெற்றோர் மறைந்தபின் அவர்தம் மக்கள் அதே உண்டுறைவோரைத் தொடர்ந்து பேணிய குடும்பங்கள் பல. ஐம்பது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவரும் உண்டு.

1970களில் கேலுக்குச் சென்ற அமெரிக்க மாணவி எல்லன் பாக்ஸ்டர் அறிந்து கூறிய செய்தி ஒன்று உள்ளத்தைத் தொடுவது. ஒரு வீட்டில் தங்கியிருந்தவர் தம் சட்டைப் பொத்தான்களை ஓயாது திருகுவார். நாள்தோறும் எல்லாப் பொத்தான்களும் கழன்றுவிடும். வீட்டுத் தலைவி இரவுதோறும் அவற்றை மீண்டும் தைத்து வைப்பார். மீன்பிடி நரம்பால் தைத்தால் அறுந்துபோகாதே என்று பாக்ஸ்டர் யோசனை சொன்னார். அப்படிச் செய்வதே ஆகாது, அவருக்குத் திருக வேண்டியிருக்கிறதே என்பது அவ்வம்மையாரின் மறுமொழி. நோயாளியைத் திருத்தும் முயற்சி அங்கே இல்லை. அவரோடு வாழும் முயற்சி இருந்தது.

இத்தகைய பொறுமைக்கும் நோய் தணிதலுக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இலண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்னும் அறிஞர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளை 1950களில் ஆராயத் தொடங்கினார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, தங்கும் விடுதிகளுக்குச் சென்றவர்கள் நன்றாக இருந்ததைக் கண்டு அவர் வியப்புற்றார். பின்னர் அவரும் உடன் ஆய்வாளரும் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது. ஓயாத குறைகூறலும் பகையுணர்வும் அளவுமீறிய தலையீடும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுள் நூற்றுக்கு 58 பேர்க்கு 9 மாதங்களுக்குள் நோய் மீண்டும் முற்றியது. அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவர்களுள் அவ்வாறு ஆனோர் நூற்றுக்கு 16 பேரே.

இதனைக் கொண்டு குடும்பத்தார் மீது பழி சுமத்துதல் தவறு. மனச்சிதைவு குடும்பத்தால் உண்டாவதன்று. அது மூளையோடும் பரம்பரைக் கூறுகளோடும் வாழ்க்கை நெருக்கடிகளோடும் தொடர்புடைய நோய். குறைகூறும் தாயும் களைத்துப்போன தாயே. சுமை முழுவதும் அவள் தலைமேல் விழும்போது சொல் கடுமையாகின்றது. கேலில் அச்சுமையை ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டிலும் ஓர் உண்டுறைவோர்; எதிர்வீட்டிலும் ஒருவர். எனவே வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவரும் தாதியரும் வந்து பார்ப்பர். எனவே அஞ்சவும் ஒன்றுமில்லை. வெட்கமும் அச்சமும் நீங்கிய வீட்டில் பொறுமை தானே வரும்.

குறையும் தேய்வும்

கேலைத் தேவலோகம் என்று எண்ணிவிடுதல் கூடாது. உண்டுறைவோரின் உழைப்பு உழவர்க்குப் பயன்பட்டது. அதனைச் சுரண்டியவரும் இருந்திருப்பர். எஸ்கிரோல் கண்ட தளைகளை முன்னரே சொன்னோம். ஊராரின் ஏற்புக்கும் எல்லை இருந்தது. உண்டுறைவோர் ஊரில் நடமாடலாம். ஆயின் பிற குடிமக்களுக்கு நிகரான எல்லா உரிமையும் அவர்க்கு இருந்ததில்லை.

1952 ஆம் ஆண்டில் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயன் வெளிப்பட்ட பின்னர் மனநோய் மருத்துவமே மாறியது. பலர் மருந்தோடு தம் சொந்த வீட்டிலேயே வாழ முடிந்தது. உழவு குறைந்தது, பெண்கள் வெளிவேலைக்குச் சென்றனர், பகலில் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை. இக்காரணங்களால் உண்டுறைவோர் தொகை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்நூறளவிற்கு வந்து, பின்னர் மேலும் குறைந்தது. ஆயினும் மரபு மடியவில்லை. 2023 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கேலின் இல்லப் பராமரிப்பு மரபைப் பண்பாட்டுப் பாதுகாப்பிற்குரிய நன்முயற்சிகளின் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

ஏர்வாடி எழுப்பும் வினா

கேலின் கதையைப் படிக்கும் தமிழர்க்கு இன்னோர் ஊர் நினைவுக்கு வராமல் இராது. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கும் மனநோயாளிகளை மக்கள் நம்பிக்கையோடு அழைத்து வந்தனர். சமய வேறுபாடின்றி வந்தனர். இங்கும் உறவினர் தங்க இடம் தேடினர். இங்கும் தனியார் இடம் கொடுத்தனர். ஆனால் தர்காவைச் சூழ எழுந்த அவ்விடங்கள் குடும்பங்களின் இல்லங்களாக இல்லை. பணம் பெற்று நோயாளிகளை அடைத்து வைக்கும் கொட்டகைகளாக இருந்தன. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன.

தொடக்கம் ஒன்றாயிருந்தும் முடிவு ஏன் வேறாயிற்று? நம்பிக்கையின் குறை என்று நான் கருதவில்லை. கேலிலும் நம்பிக்கைதான் வித்து. அங்கே நோயாளி வீட்டுக்குள் சென்றார். இங்கே கொட்டகைக்குள் சென்றார். அங்கே அரசும் மருத்துவரும் 1850 ஆம் ஆண்டிலேயே கதவைத் தட்டினர். இங்கே தீ எரிந்த பின்னரே வந்தனர். அத்தீக்குப் பின் அத்தகைய கொட்டகைகள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியால் பிணித்தலை 2017 ஆம் ஆண்டின் இந்திய மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

ஆனால் தமிழ் மண் தந்த சான்று ஏர்வாடி ஒன்றே அன்று. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கி வழிபட்ட 31 மனநோயாளிகளை மருத்துவர் சிலர் ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். 1950களிலேயே அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் நோயாளியின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்க வைத்தார். நோயைப் பற்றிக் குடும்பம் கற்றது; அஞ்சாமல் வீடு திரும்பியது. அம்முறையை அதே காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மேற்கொண்டது. மருத்துவர் சாரதா மேனன் 1984 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் நோயாளிக்கு மருந்தோடு தொழிலும் குடும்பத்துக்கு அறிவும் வேண்டும் என்னும் கொள்கையில் எழுந்ததே.

நம் நாட்டில்

மலேசியராகிய நாம் இனி நம் வீட்டைப் பார்ப்போம். பேராக் மாநிலத்தில் ஈப்போவிற்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 ஆம் ஆண்டில் பெரிய மனநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்து, உற்றார் ஒருவரும் இன்றி மனமுடைந்தவர் பலர்க்கு அதுவே புகலிடமாயிற்று. கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளிக்கு நோய் வந்தால், திரும்பிப் போக ஊருமில்லை; வைத்துப் பார்க்க உறவுமில்லை. எனவே உள்ளே சென்றவர் பலர் உள்ளேயே முதுமையடைந்தனர். 1971 ஆம் ஆண்டில் அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி என்னும் பொருள்பட பஹாகியா என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயரை அரசு மாற்றிவிட்டது. நம் நாவை மாற்ற அரசால் இயலவில்லை. இன்றும் பள்ளித் திடலில் ஒரு மாணவன் சற்று வேறுபட்டு நடந்தால், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியவன் என்று மற்றொரு மாணவன் சொல்லுவதைக் கேட்கின்றோம். ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கியவர் நாம்.

2001 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நம் நாட்டு மனநலச் சட்டம் 2010 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நோயாளி தம் வாழிடத்தின் அருகிலேயே சிகிச்சையும் வேலைப் பயிற்சியும் பெறுவதற்கு மெந்தாரி என்னும் சமூக மனநல மையங்களைச் சுகாதார அமைச்சு நடத்தி வருகின்றது. ஆகவே மருந்து கிடைக்கின்றது, மருத்துவரும் கிடைக்கின்றார். மருந்தை வாங்கிக்கொண்டு ஒருவர் திரும்பி வருவது எந்தத் தெருவுக்கு என்பதே எஞ்சியுள்ள வினா.

ஒரு நினைவு

இவ்வினாவை நான் நூலில் கற்கவில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில், 1980 ஆம் ஆண்டு வாக்கில், மருத்துவமனையிலிருந்து ஓர் அண்ணன் திரும்பி வந்தார். பெயர் வேண்டா. நோய்க்கு முன் அவர் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டித் தருவார். திரும்பி வந்தபோது உடல் பருத்திருந்தது. கை சற்று நடுங்கியது. அது மருந்தின் விளைவு என்று எங்கட்கு யார் சொல்வார்?

அவர் மாத்திரையைத் தவறாமல் உண்டார். காலையில் பெரட்டுக்குச் சென்று வேலை கேட்டார். நாளை பார்க்கலாம் என்றனர். மறுநாளும் அதையே சொன்னர். கோயில் திருவிழாவில் அன்னதானத்திற்குத் தண்ணீர் ஊற்ற வாளியைத் தூக்கினார். ஒருவர் வந்து மெல்ல அதனை வாங்கிக்கொண்டார். யாரும் அவரை அடிக்கவில்லை, வையவுமில்லை. எல்லாரும் இரங்கினர். பிள்ளைகளாகிய நாங்கள் மட்டும் அவர் பின்னே சென்று கத்தினோம். அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒருநாள் அவர் திரும்பி என்னைப் பார்த்து, எங்கள் வீட்டில் என்னை அழைக்கும் செல்லப் பெயரைச் சொல்லி, பட்டம் வேண்டுமா என்று கேட்டார். நான் ஓடிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் மட்டும் வெட்டுக்குப் போகுமுன் அவருக்கு ஒரு கோப்பை வறக்கோப்பி கொடுத்து, தம் வீட்டு விறகைப் பிளக்கச் சொல்வார். அந்த ஒரு வேலைக்காக அவர் விடியலில் குளித்துவிட்டு வந்து நிற்பார். பாட்டி காலமான பின்னர் அவர் வெளியே வருவது நின்றது. மாத்திரையும் நின்றது. சில மாதங்களில் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அதன்பின் அவர் தோட்டத்திற்குத் திரும்பவில்லை.

கேல் நகரின் வரலாற்றை முதன்முதலில் படித்தபோது அப்பாட்டியே என் நினைவுக்கு வந்தார். எழுத்தறியாத அவ்வம்மையார் செய்ததும் அந்நகரத்தார் செய்ததும் ஒன்றே. அங்கே ஓர் ஊரே செய்தது. எங்கள் தோட்டத்தில் ஒருவர்தாம் செய்தார். ஒருவர் செய்தால் அவர் மறையும்போது துணையும் மறைந்துவிடும். ஊர் செய்தால் அது மரபாகும்.

முடிவுரை

மீட்சி என்பது நோய்க்குறிகள் முற்றும் அற்றுப்போவது மட்டுமன்று. நோயின் எச்சம் இருப்பினும் ஒரு வேலை, ஓர் உறவு, உண்ணும் இடத்தில் ஓர் இருக்கை ஆகியவற்றோடு வாழ்தலும் மீட்சியே. மருந்து அதற்கு அடித்தளம். ஊரே அதன்மேல் எழும் கட்டடம்.

நாம் கேலைப் போல நம் வீடுகளில் அயலாரை ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வூரின் சூழல் வேறு. அடுக்குமாடிகளில் வாழும் நம் சூழல் வேறு. ஆயினும் ஆசிரியராகிய நம்மால் இயல்வன உள. வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென ஒடுங்கிப்போனால், அதன் தாய் அல்லது தந்தை நோயுற்றிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். தேர்ச்சி அறிக்கை நாளுக்கு வர அஞ்சும் தாயை நாமே சென்று அழைக்கலாம். நோயிலிருந்து மீண்டு வரும் பெற்றோர்க்குப் பள்ளித் தோட்டத்திலோ விழா ஏற்பாட்டிலோ ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். கொடுத்த வாளியைப் பறிக்காமல் இருக்கலாம். ஓர் ஊர்ப்பெயரை வசையாக்கும் சொல் நம் திடலில் எழும்போது, அதனைக் கேளாதவர் போல் கடந்து செல்லாமல் நின்று விளக்கலாம். பத்து வயதில் எனக்கு யாரேனும் அதனை விளக்கியிருந்தால், அன்று நான் ஓடியிருக்க மாட்டேன்.

மணிமேகலையின் அக்காட்சியை இவ்வாண்டும் நாம் நடத்துவோம். சொற்பொருள் கூறுவோம், இலக்கணக் குறிப்புத் தருவோம். அவற்றோடு மாணவரை நோக்கி ஒரு வினாவையும் கேட்போம்: அக்கூட்டத்தில் நீ நின்றிருந்தால், அடுத்து என்ன செய்திருப்பாய்? அவ்வினாவுக்கு மாணவர் எழுதும் விடையே நாளை நம் ஊர்களின் வரலாறாக அமையும்.